போக்கர் மேசையில் வந்து அமரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் வாழ்ந்து, விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்துபோகும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் வணக்கம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் நெருங்கிவிட்டது. உங்களில் பலர் டிக்கெட் எடுத்துவிட்டீர்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, ஊருக்கு வான் பிடிப்பதற்கு முன்னர் கொழும்பில் ஓரிரண்டு இரவு தங்கும் வழக்கம் இருக்கிறது. அந்த இரவுகளில் ஒன்று கசினோவின் போக்கர் சீட்டாட்ட அறையில் கழிகிறது என்பதும் எனக்குத் தெரியும். சூதாடலாமா கூடாதா என்பது உங்கள் வீட்டாரும் நீங்களும் பேச வேண்டிய விடயம். அதற்குள் நான் நுழையவில்லை. நான் எழுத வந்தது, விளையாடும்போது உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் இலவசமாக வந்து நிற்கும் கிளாசைப் பற்றியும் அதைச் சுமந்து வரும் கையைப் பற்றியும்.

அந்தக் கை பல வேளைகளில் எங்கள் ஊர்க் கை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு வேலை தேடிப் போன பிள்ளைகள் அங்கே தட்டுச் சுமக்கிறார்கள். நானும் அப்படிப் போனவன். ஒரு கசினோவின் போக்கர் அறையில் பல காலம் பரிமாறினேன். இப்போது யாழ்ப்பாணத்தில், ஹோட்டல் வேலைக்குப் போக விரும்பும் இளையவர்களுக்கு அந்தத் தொழிலைக் கற்பிக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று நான் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். லீவில் வந்தால் என் வீட்டு விறாந்தையில் இருந்து பேசுவார்கள். அவர்கள் உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாதவற்றை நான் சொல்கிறேன். விருந்தாளிக்குப் பதில் பேசினால் அவர்களுக்கு வேலை போய்விடும். எனக்குப் போவதற்கு ஒன்றுமில்லை.

முதலில் கணக்கு. ரூலெட்டிலும் பிளாக்ஜாக்கிலும் நீங்கள் சூதாட்ட விடுதியை எதிர்த்து விளையாடுகிறீர்கள். உங்கள் நிதானம் தளர்ந்தால் இலாபம் நேரே விடுதிக்குப் போகிறது. அங்கே மது இலவசமாக ஓடுவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. போக்கர் அப்படியன்று. மேசையைச் சுற்றி இருக்கும் ஒன்பது பத்துப் பேர் தங்களுக்குள் விளையாடுகிறார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் மேசை நடுவில் சேரும் பந்தயப் பணத்துக்குப் பொட் என்று பெயர். விடுதி ஒவ்வொரு பொட்டிலிருந்தும் ரேக் என்று ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. பெரிய ஆட்டங்களில் அரை மணிக்கு இவ்வளவு என்று இருக்கைக்குக் காசு வாங்குவதும் உண்டு. நீங்கள் வென்றாலும் தோற்றாலும் விடுதிக்கு ஒன்றுதான். அதற்கு வேண்டியதெல்லாம் நாற்காலி காலியாகாமல் இருப்பது. பாதிப் பேர் எழுந்து போனால் ஆட்டம் கலைந்துவிடும், ரேக்கும் நின்றுவிடும். ஆகவே போக்கர் அறையில் வரும் கிளாஸ், உங்களை நாற்காலியில் இருத்தி வைப்பதற்கு விடுதி செய்யும் செலவு. அந்தச் செலவை ரேக்காக நீங்களே கட்டிக்கொண்டும் இருக்கிறீர்கள். குடித்துத் தடுமாறினால் நட்டம் உங்களுக்கு, இலாபம் பக்கத்து நாற்காலிக்கு.

இந்தக் கணக்கில் எல்லோருக்கும் ஓர் இடம் இருக்கிறது, பரிமாறும் பிள்ளைக்கு மட்டும் இல்லை. சாதாரண ஹோட்டலின் உணவகத்தில் இருந்து குடித்தால் பில் வரும். பில்லின் அடியில் 10 வீத சேவைக் கட்டணம் இருக்கும். பெறுமதி சேர் வரி 18 வீதம் வேறு. அந்தப் பத்து வீதத்தை மாத முடிவில், ஒவ்வொருவருக்கும் இத்தனை புள்ளி என்ற கணக்கில் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது இலங்கை ஹோட்டல் தொழிலில் நெடுங்காலமாக உள்ள நடைமுறை. நல்ல பருவத்தில் அந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டுவதும் உண்டு. கசினோ மேசையில் உங்களுக்குப் பில் வருவதில்லை. பில் இல்லாத இடத்தில் பத்து வீதமும் இல்லை. அதே விஸ்கி, அதே தட்டு, அதே நடை. ஆனால் உணவகத்தில் பரிமாறும் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரு வருமானம் சூதாட்ட அறையில் பரிமாறும் பிள்ளைக்குப் பிறப்பதே இல்லை. உங்களுக்கு இலவசம் என்பது அந்தப் பிள்ளைக்கு இழப்பு.

தனியார் துறைக்கு நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 30,000 ரூபாய் என்பது ஏறக்குறைய 100 அமெரிக்க டொலர். இலங்கைப் பிரசை ஒருவர் கசினோவுக்குள் நுழைய வாசலில் கட்ட வேண்டிய வரியும், 2025இல் 50 டொலரிலிருந்து உயர்த்தப்பட்ட பிறகு, 100 டொலர்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் உங்களுக்கு அந்த வரி இல்லை. ஆகவே மேசையில் உங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வருபவர்கள்தான் மிகுதி. நீங்கள் எப்படி நடக்கிறீர்களோ அதுவே அந்த அறையின் வழக்கமாகிறது. இந்த மடலை உங்களுக்கு எழுதுவதற்கு அது ஒரு காரணம்.

நீங்கள் ஒவ்வொருவரும் வாழும் ஊரின் பழக்கத்தைச் சுமந்துகொண்டு வருகிறீர்கள். லாஸ் வேகாஸ் போய்ப் பழகியவர்களுக்கு ஒரு கிளாசுக்கு ஒரு டொலர் என்ற பழைய கணக்குத் தெரியும். இப்போது இரண்டு டொலர் கொடுப்பவர்களும் நிறையப் பேர். பொட் வென்றால், சீட்டுப் பிரித்துப் போடும் டீலருக்கு, காசுக்கு ஈடாக மேசையில் வைக்கும் சிப் வில்லை ஒன்றைத் தள்ளுவதும் அங்கே எழுதாத சட்டம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டொலர். 1991இலிருந்து அது அசையவில்லை. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் இதை ஏற்பதில்லை. டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே மணிக்கு 12 டொலராவது கொடுத்தாக வேண்டும். பெரிய விடுதிகளில் மது பரிமாறும் பெண்களுக்குப் பின்னால் கலினரி யூனியன் என்ற பலமான தொழிற்சங்கம் நிற்கிறது. அவ்வளவு பாதுகாப்பு இருந்தும், அங்கே ஒரு டொலர் வைக்காமல் கிளாசை எடுப்பவரைப் பக்கத்தில் இருப்பவர்களே முகம் சுளித்துப் பார்ப்பார்கள். கொழும்பில் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. ஆனாலும் லாஸ் வேகாஸில் மறக்காமல் கொடுக்கும் அதே கை கொழும்பில் மடியோடு கிடக்கிறது. ஏன்? அங்கே பார்ப்பவர்கள் வெள்ளைக்காரர், இங்கே பார்ப்பவள் சொந்த ஊர்ப் பிள்ளை என்பதாலா? இந்தக் கேள்வியை நான் கோபத்தோடுதான் கேட்கிறேன்.

சிட்னியிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் வருபவர்களை நான் அவ்வளவாகக் குறை சொல்லமாட்டேன். ஆஸ்திரேலியக் கசினோக்களில் டீலருக்கு டிப்ஸ் கொடுப்பதற்கே தடை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கை நீள்வதில்லை. இலண்டன் தம்பிமார் சேவைக் கட்டணம் எங்கோ சேர்ந்திருக்கும் என்று நம்பி எழுந்துவிடுகிறார்கள். சேரவில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன். ரொறன்ரோவிலிருந்து வருபவர்கள் கொடுப்பதில் முன்னுக்கு நிற்கிறார்கள். அவர்களுக்கு என் மாணவர்கள் சார்பில் நன்றி.

எவ்வளவு கொடுப்பது என்று கேட்பீர்கள். கொழும்பில் ஒரு கிளாசுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோ சோடாவோ கோப்பியோ கேட்டாலும் அதே 300. அது மதுவுக்கான விலை இல்லை, நடைக்கான மதிப்பு. மதுச்சாலைக்கும் மேசைக்கும் இடையில் அந்தப் பிள்ளை இரவு முழுவதும் நடக்கிறது.

எப்படிக் கொடுப்பது என்பது எவ்வளவு என்பதைவிட முக்கியம். தட்டு இடது உள்ளங்கையில் இருக்கும். அதில் ஆறு கிளாஸ் இருந்தால் மூன்று உயரமானவை, மூன்று குட்டையானவை. பாரமானவை மணிக்கட்டுக்கு அருகே, இலேசானவை வெளி விளிம்பில். ஒரு கிளாசை எடுத்தவுடன் தட்டின் நிறை மாறும், விரல்கள் அதற்கேற்ப இடம் மாற வேண்டும். பரிமாறுபவருக்கு மிஞ்சி இருப்பது ஒரே ஒரு கை. அந்தக் கையால் கிளாசை எடுத்து, உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் இடையில் உள்ள ஒரு சாண் இடைவெளியால் நுழைந்து, உங்கள் சீட்டைப் பார்க்காமல், சிப் அடுக்கில் உரசாமல், மேசை விளிம்பில் உள்ள வளையத்தில் வைக்க வேண்டும். துணியில் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது. ஈரம் பட்ட துணியில் சீட்டு வழுக்கி ஓடாது. சீட்டில் கறை பட்டால் சீட்டுக்கட்டையே மாற்ற வேண்டும். ஆட்டம் நின்றால் எல்லாக் கண்ணும் அந்தப் பிள்ளையின் மேல்தான் விழும். இந்த நேரத்தில் நீங்கள் தட்டின் ஓரத்தில் ஒரு சிப்பை எறிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எறிபவர்களுக்கு அது தாராளம் போலத் தெரிகிறது. தட்டைத் தாங்குபவருக்கு நெஞ்சு ஒரு முறை நின்று துடிக்கிறது.

எறியாதீர்கள். கையில் திணிக்கவும் வேண்டாம். பெண் பிள்ளையாக இருந்தால் விரலைப் பிடித்து வைத்துச் சிரிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். கிளாஸ் வளையத்தில் உட்கார்ந்த பிறகு, சிப்பையோ நோட்டையோ தட்டின் நடுவில் மெதுவாக வையுங்கள். தட்டு எட்டாவிட்டால் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்து, “இது உங்களுக்கு” என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாமல் வைத்த சிப்பைத் தொட எந்த ஊழியருக்கும் துணிவு வராது. கூரை முழுவதும் கமெரா. டீலரைக் கவனித்திருப்பீர்கள்: நீங்கள் கொடுத்த சிப்பை விளிம்பில் தட்டிக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போடுவார், மேசையை விட்டு எழும்போது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் திருப்பிக் காட்டிவிட்டுப் போவார். அந்த அறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தான் திருடவில்லை என்று நிமிடத்துக்கு நிமிடம் நிறுவிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த இரண்டு சொல் அவர்களுக்குச் சாட்சி.

மேசையில் இருக்கும் சிப்பை ஆட்டத்தின் நடுவில் எடுத்துச் சட்டைப் பைக்குள் போடக் கூடாது என்பது போக்கரின் விதி. எதிரில் இருப்பவர்கள் வென்றெடுக்கக்கூடிய பணத்தை ஒளிக்கக் கூடாது என்பதற்காக அது வந்தது. டிப்ஸ் கொடுப்பதற்கு அந்த விதியில் விலக்கு இருக்கிறது. “சிப்பை எடுக்கக் கூடாதாமே” என்று சாட்டுச் சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன். எடுக்கலாம். உங்கள் முறை வருவதற்கு முன்னரே ஒரு சிறு சிப்பைத் தனியே நகர்த்தி வைத்துக்கொண்டால் ஆட்டமும் நிற்காது, அந்தப் பிள்ளையும் காத்து நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்று. வென்றால் அள்ளிக் கொடுத்து, தோற்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் உங்களில் பலரிடம் இருக்கிறது. பொட் வென்றவர் டீலருக்குக் கொடுப்பது போக்கரின் வழமை; அது இருக்கட்டும். பரிமாறுபவருக்கும் உங்கள் சீட்டுக்கும் என்ன தொடர்பு? தோற்ற கோபத்தில் “இவள் வந்த நேரம் சரியில்லை” என்று ராசி பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். பத்துப் புள்ளியால் தோற்றுத் துரும்பைப் பற்றி இரண்டு மணி நேரம் சண்டை பிடித்தாலும், தேத்தண்ணீர் கொண்டுவந்த வீட்டு அக்காவின் மேல் அந்தத் தோல்வியை யாரும் போட்டதில்லை. அந்த மரியாதையைக் கொழும்புக்கும் கொண்டுபோங்கள்.

இனி நான் எழுதப்போவது இந்த மடலின் முக்கியமான பகுதி. பணத்தைப் பற்றியதல்ல.

தமிழில் பேசும் பிள்ளை பரிமாறுகிறது என்று தெரிந்ததும் உங்களுக்கு மகிழ்ச்சி வருகிறது. அது இயல்பு. உடனே கேள்வி தொடங்கும். “தங்கச்சி யாழ்ப்பாணமா? எந்த இடம்? கோயிலுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? யாருடைய மகள்?” இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் இடத்தைக் கேட்பது பல வேளைகளில் வேறு ஒன்றைக் கேட்பதற்கான வழி. தட்டோடு நிற்கும் ஒரு பெண் அதற்குப் பதில் சொல்லாமல் விலகவும் முடியாது, ஏனென்றால் விருந்தாளியின் கேள்விக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்வது அவளுடைய வேலை.

என்னிடம் படித்த பிள்ளை ஒன்று இப்படிப் பதில் சொல்லிவிட்டது. கொழும்பில் ஹோட்டலில் வேலை என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தாள். கேட்டவர் அந்த ஊருக்கே உறவினர். அவர் ஊருக்கு வந்து சேர்ந்த கிழமையே, இன்னாரின் மகள் சூதாட்ட விடுதியில் குடி பரிமாறுகிறாள் என்ற செய்தி ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்விட்டது. தாய் தொலைபேசியில் அழுதார். தகப்பன் பஸ் ஏறிப் போய் அழைத்துவந்தார். தம்பியின் படிப்புச் செலவு அந்தச் சம்பளத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. பின்னர் அவள் ஒரு புடவைக் கடையில் அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள். அவளைக் கண்டவர் எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது கண்டார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

இது ஊரின் குணம் மட்டும் இல்லை. 1979இல் வந்த மதுவரி அறிவித்தல் ஒன்று, பெண்கள் மது வாங்குவதையும், மது விற்கும் இடங்களில் அனுமதி இல்லாமல் வேலை செய்வதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பணிப்பில் தடை திரும்பவும் வந்தது. குடிப்பவரை விட்டுவிட்டுப் பரிமாறுபவளைச் சந்தேகிக்கும் நாட்டில் அந்தப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். நீங்கள் ஆயிரம் ரூபாய் டிப்ஸ் கொடுத்துவிட்டு அவளுடைய பெயரை ஊருக்குக் கொண்டுவந்தால், அந்த ஆயிரத்தை நீங்களே வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஊரைக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதோடு விடுங்கள். படம் எடுத்து உங்கள் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். தெரிந்த முகமாக இருந்தால், “சுகமா?” என்று ஒரு சொல் போதும். யாழ்ப்பாணத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டாரைக் கண்டால் கொழும்பில் கண்டதாகச் சொல்ல வேண்டாம். நல்லதாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது டிப்ஸ் பெட்டி. நான் வேலை செய்த இடத்தில் எங்களுக்கு வரும் டிப்ஸ் முழுவதும் ஒரு பெட்டிக்குள் போக வேண்டும். சேர்த்துப் பிரிப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். கிளாஸ் கழுவுபவருக்கும் பனிக்கட்டி சுமப்பவருக்கும் நீங்கள் ஒருபோதும் கொடுக்கப்போவதில்லை. பெட்டி இருந்தால் அவர்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் எங்கள் பெட்டியிலிருந்து உடைந்த கிளாசுக்கு என்று கழித்தார்கள். மேற்பார்வையாளர்களுக்கும் பங்கு போனது. எவ்வளவு சேர்ந்தது, எப்படிப் பிரிந்தது என்று எழுதிய ஒரு தாளை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. கேட்டவருக்கு அடுத்த மாதம் இரவு வேலை இல்லாமல் போனது. இரவு வேலையில்தான் டிப்ஸ் வரும். டிப்சுக்கு, ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியும் கிடையாது. முதலாளியின் 12 வீதமும் தொழிலாளியின் 8 வீதமும் சம்பளத்தின் மேல்தான். எனவே அந்தப் பணம் கைக்கு வராவிட்டால் வேறு எந்த வழியாகவும் வராது.

இது தீர்க்க முடியாத பிரச்சினை இல்லை. லாஸ் வேகாஸில் ஒரு பெரிய விடுதி, 2006இல் டீலர்களின் டிப்ஸ் கூட்டில் மேற்பார்வையாளர்களையும் சேர்த்தது. அடுத்த ஆண்டே அந்த டீலர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்காக நடந்தது. இங்கிலாந்தில், டிப்ஸ் பகிர்வு குறித்து 2023இல் நிறைவேறிய சட்டம் 2024 ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. டிப்சும் சேவைக் கட்டணமும் முழுமையாகத் தொழிலாளிக்குப் போக வேண்டும், வரி தவிர முதலாளி ஒரு சதமும் கழிக்கக் கூடாது, எப்படிப் பிரிக்கிறோம் என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும், வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று அது சொல்கிறது. இலண்டனில் உணவகம் நடத்தும் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இந்தச் சட்டத்தின் கீழ்தான் இன்று கணக்கு எழுதுகிறார்கள். இலங்கையிலும் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கு ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டம் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்பில் புதிய பெரிய கசினோ ஒன்று திறக்கப்பட்டது. வரியைப் பற்றியும் முதலீட்டைப் பற்றியும் நிறையப் பேச்சு நடந்தது. பெட்டிக்குள் விழும் சிப் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சை நான் எங்கும் கேட்கவில்லை. தொழிலாளி கேட்டால் வேலை போகும். வாடிக்கையாளர் கேட்டால் முகாமையாளர் எழுந்து நின்று பதில் சொல்வார். “நான் கொடுப்பது இவருக்குப் போகிறதா? பிரிக்கும் விதி எங்கே எழுதியிருக்கிறது?” என்று நீங்கள் கேளுங்கள். மேசையில் வைத்து, அந்தப் பிள்ளைக்கு முன்னால் கேட்க வேண்டாம். வெளியே வரும்போது முகாமையாளரைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஒரு தாள் ஒட்டப்படும்.

குடியைப் பற்றி ஒரு சொல். பரிமாறுபவர் நீங்கள் கேட்காமலே தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து வைத்தால், உங்கள் கண்ணையும் பேச்சையும் பார்த்து அக்கறையோடு செய்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அவரால் “போதும் அண்ணா” என்று சொல்ல முடியாது. மேலிருந்து, மேசையில் ஆள் குறையக் கூடாது என்ற கட்டளை. கீழே, நிதானம் இழந்த ஒருவர். இரண்டுக்கும் நடுவில் அவர் கண்டுபிடித்த வழி அந்தத் தண்ணீர்ப் போத்தல். அதைத் தள்ளிவிட்டு, “முகாமையாளரைக் கூப்பிடு” என்று சத்தம் போடுபவர்களால் வேலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இலவசம் என்பதற்காக மேசைக்கே சேர்த்து ஓடர் கொடுத்துவிட்டுப் பாதியில் எழுந்து போவதையும் நிறுத்துங்கள். நீங்கள் வைத்துவிட்டுப் போன பத்துக் கிளாசையும் அதே தட்டில்தான் திருப்பிச் சுமக்க வேண்டும்.

வெளியே வான் நிற்கிறது. அதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து உங்களை ஏற்றுவதற்காக வந்த சாரதி இருக்கையைச் சாய்த்துப் படுத்திருக்கிறார். பல நேரங்களில் சாப்பிடாமல். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி, “நேரே ஊருக்கு விடு” என்கிறீர்கள். ஏ9 வீதியில் அந்த நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் நடந்த விபத்துகள் உங்களுக்கும் தெரியும். திருவிழாவுக்கு வந்தவர்களின் இழவுச் செய்திகளை நாங்கள் படித்திருக்கிறோம். உங்களுக்கு அறைக்குள் சாப்பாடும் கிடைத்தது. அவருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுங்கள், படுக்க ஓர் அறை எடுத்துக் கொடுங்கள், காலையில் புறப்படுங்கள்.

சில்லறை விடயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பவுண், யூரோ, டொலர் நாணயங்களை டிப்சாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். இங்கே நோட்டைத்தான் மாற்றுவார்கள். நாணயத்தை வங்கியும் வாங்காது, கஸ்தூரியார் வீதியில் காசு மாற்றுபவரும் வாங்கமாட்டார். என் மாணவி ஒருத்தியிடம் ஒரு சிறிய தகரப் பெட்டி நிறைய இரண்டு பவுண் நாணயங்கள் இருக்கின்றன. இலண்டனில் அதைக் கொண்டு ஒரு மாதச் சாமான் வாங்கலாம். இங்கே அவளால் ஒரு இறாத்தல் பாண் வாங்க முடியாது. கட்டுநாயக்காவில் பணம் மாற்றும்போதே 100 ரூபாய், 500 ரூபாய் நோட்டுகளாகக் கேட்டு வாங்கி ஒரு தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு மீதி கேட்டு நிற்பவர் முன்னால் தட்டோடு நிற்பது எவ்வளவு கூச்சமான நிலை என்பதைச் செய்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்த உறை யாழ்ப்பாணத்திலும் உதவும். இங்கே பெரிய ஹோட்டல்களில் பில்லில் பத்து வீதம் இருக்கும். சைவக் கடையிலும் கூல்பாரிலும் அது இருக்காது. திருவிழாக் காலத்தில் அங்கே மேசை துடைக்கும் பையன் காலை ஐந்து மணியிலிருந்து நிற்கிறான்.

உங்களில் இங்கிலாந்தில் தொழிற்சட்டம் படித்தவர்களும், கனடாவிலும் அமெரிக்காவிலும் ஹோட்டல் தொழிற்சங்கங்களில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இம்முறை வரும்போது ஒரு பிற்பகலை எங்கள் வகுப்புக்கு ஒதுக்குங்கள். சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, டிப்ஸ் கணக்கை எழுத்தில் கேட்பது எப்படி, வாடிக்கையாளர் எல்லை மீறினால் யாரிடம் எப்படி முறையிடுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இங்குள்ள சட்டத்தை நான் சொல்கிறேன்; உங்கள் நாட்டில் அதை எப்படி வென்றெடுத்தார்கள் என்பதை நீங்கள் சொல்லுங்கள். திருவிழாக் காலத்திலும் வகுப்பு நடக்கும். தேருக்கும் தீர்த்தத்துக்கும் மட்டும் விடுமுறை.

அன்புடன்,
பரிமாறும் தொழிலைக் கற்பிக்கும் ஒருவன்
யாழ்ப்பாணம்